கத்திக்கு ஓர் உறை: ஓய்வு நேரத் தோல் கைவினை



பொழுது புலருமுன் பால்மரக் காட்டுக்குச் செல்லும் நம் கையில் கூரிய கத்தி இருக்கிறது. அதைப் பழந்துணியில் சுற்றி மோட்டார் சைக்கிளில் செருகிச் செல்வோரும் நம்மிடையே உண்டு. வண்டி சறுக்கினாலும், வீட்டில் குழந்தை எடுத்து விளையாடினாலும் விளையும் தீங்கைச் சொல்லத் தேவையில்லை. அக்கத்திக்கு நாமே தோலுறை தைத்துக்கொள்ளலாம். அது பயன் தரும் பொழுதுபோக்கும் ஆகும்.

தோல் வேலை என்றதும் சிலர் முகஞ்சுளிப்பர். அத்தொழில் செய்தோரைத் தாழ்த்தி வைத்த பழைய எண்ணம் கடல் கடந்தும் நம்முடன் வந்துவிட்டது. நம் காலுக்குச் செருப்பும், கோயில் மேளத்துக்குத் தோலும் தந்த கையைத் தாழ்ந்த கை என்பது நியாயமா? அவ்வெண்ணத்தைக் களைந்துவிட்டே ஊசியை எடுப்போமாக.

முதலில் தோலைத் தெரிந்து வாங்க வேண்டும். குரோமிய உப்பால் பதனிட்ட தோல் மென்மையானது, பைகளுக்கு உகந்தது. மரப்பட்டைச் சாற்றால் பதனிட்டதோ விறைப்பானது. நனைத்தால் வளையும், உலர்ந்தால் அவ்வடிவிலேயே நிற்கும். உறைக்கு ஏற்றது இதுவே. பட்டையிலுள்ள துவர்ப்புப் பொருள்தான் தோலை அழுகாமல் காக்கிறது. தமிழகத்தில் ஆவாரம்பட்டை இதற்குப் பெயர் பெற்றது. ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கனமுள்ள தோல் போதுமானது.

கூரிய வெட்டுக்கத்தி, இரும்பு அடிக்கோல், குத்தூசி, முனை மழுங்கிய ஊசிகள் இரண்டு, தேன்மெழுகு தடவிய தடித்த நூல் ஆகியவை தொடக்கத்திற்குப் போதும்.

கத்தியின் அலகை அட்டையில் வைத்து வரைந்து, சுற்றிலும் 2 சென்டிமீட்டர் கூட்டி வெட்டுக. அவ்வளவில் தோலில் இரு துண்டுகள் எடுக்க வேண்டும். தைக்கும் ஓரம் நெடுகிலும் அவற்றினிடையே ஒரு தோல் நாடாவை வைத்து ஒட்டுக. கத்தியின் கூர் நூலை அறுக்காமல் தடுப்பது இந்நாடாவே. ஒட்டுவதற்கு ரப்பர் பசை நன்று. நாம் இறக்கும் பாலே இங்கு நமக்குத் துணையாகிறது. ஆயினும் அதன் ஆவி தீப்பற்றும். காற்றோட்டமான இடத்தில், அடுப்புக்கு அப்பால் வைத்தே பூச வேண்டும்.

உணவுண்ணும் முள்கரண்டியை ஓரத்தில் அழுத்தினால் சம தூரத்தில் புள்ளிகள் விழும். அவற்றில் குத்தூசியால் துளையிடுக. தையலின் நீளத்தைப்போல் நான்கு மடங்கு நூலெடுத்து, இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரு பக்கமிருந்தும் ஊசிகளைச் செலுத்தி இறுக்குக. ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்றத் தையல் எளிதில் பிரியாது. இறுதியில் இரண்டு மூன்று துளைகள் பின்னோக்கித் தைத்து முடிக்கலாம்.

பின்னர் உறையை நீரில் நனைத்து, பிளாஸ்டிக் தாளில் சுற்றிய கத்தியைச் செருகி, விரலால் மெல்ல அழுத்தி வடிவம் கொடுத்து, நிழலில் உலர்த்துக. வெயில் தோலை வெடிக்கச் செய்யும்.

வேலை முடிந்ததும் கத்தியைத் துடைத்தே உறையிலிட வேண்டும். ஈரம் நின்றால் கத்தியில் துருவும் தோலில் பூஞ்சணமும் பிடிக்கும். பல நாள் வேலைக்குச் செல்லாதபோது, கத்தியை வெளியே எடுத்துக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைப்பது நலம்.

முதலில் துண்டுத் தோலில் பழகுவோம். பட்டையை மெல்லியதாகச் சீவி, மரத்தைக் காயப்படுத்தாமல் பாலெடுக்கும் நம் கைக்கு இவ்வேலை விரைவில் வசப்படும். நமக்கொன்று தைத்த பின், அண்டை வீட்டாருக்கும் கற்றுக் கொடுப்போம்.