எந்த மென்பொருளைத் தெரிவு செய்வது? ஓப்பன் ஒஃபிசும் லிப்ரே ஒஃபிசும்

(சுவிற்சர்லாந்தில் தமிழ்ப் பாடசாலை ஆசிரியர்களும் சங்கப் பொறுப்பாளர்களும் கலந்துகொண்ட கணினிப் பயிலரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



பொறியியல் படித்து, இந்நாட்டில் கணினித் துறையில் பணிபுரிந்து, ஓய்வு நாட்களில் நம் பாடசாலைகளின் கணினிகளைச் சீர்செய்து கொடுக்கும் ஒரு தொண்டன் என்ற வகையில் உங்கள் முன் நிற்கின்றேன். சில மாதங்களுக்கு முன் ஆசிரியை ஒருவர் தமது மடிக்கணினியை என்னிடம் தந்து, "தம்பி, இதிலே இரண்டு இலவச ஒஃபிஸ் இருக்குது. எதை வைத்திருக்கிறது, எதை அழிக்கிறது?" என்று வினவினார். ஒன்று ஓப்பன் ஒஃபிஸ், மற்றையது லிப்ரே ஒஃபிஸ். இரண்டும் ஏறத்தாழ ஒரே தோற்றம். இரண்டும் பணம் கேட்பதில்லை. அவர் கேட்ட வினாவுக்கு விடையளிப்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

முதலில், இவ்விரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதை அறிதல் வேண்டும். ஜேர்மனியின் லூனபேர்க் நகரில் 1985இல் தொடங்கப்பட்ட ஸ்ரார் டிவிசன் என்னும் நிறுவனம் உருவாக்கிய ஸ்ரார் ஒஃபிஸ் என்பதே இவற்றின் மூலம். 1999இல் அந்நிறுவனத்தைச் சன் மைக்ரோசிஸ்ரம்ஸ் வாங்கி, 2000ஆம் ஆண்டு ஒக்ரோபரில் அதன் மூலநிரலை உலகுக்குத் திறந்துவிட்டது. அவ்வாறு பிறந்ததே ஓப்பன் ஒஃபிஸ். 2010 சனவரியில் சன் நிறுவனமே ஒராக்கிளின் கைக்கு மாறியது. திட்டத்தின் எதிர்காலம் குறித்து ஐயுற்ற ஆர்வலர் பலர் 2010 செப்ரெம்பர் 28ஆம் நாள் தனியே பிரிந்து, த டொக்குமென்ற் ஃபவுண்டேசன் என்னும் அமைப்பையும் லிப்ரே ஒஃபிஸ் என்னும் மென்பொருளையும் அறிவித்தனர். 2011 யூன் மாதத்தில் ஒராக்கிள் ஓப்பன் ஒஃபிசை அப்பாச்சி அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. ஒரு வீடு இரண்டான கதை இதுவே.

பிரிந்த பின் நிகழ்ந்தது யாது? பெயரும் புகழும் ஒருபுறம் நின்றன. உழைக்கும் கைகளுட் பெரும்பாலானவை மறுபுறம் சென்றன. அப்பாச்சி ஓப்பன் ஒஃபிசின் 4.1 வரிசை 2014இல் வெளிவந்தது. இன்றும் அவ்வரிசையே சிறு திருத்தங்களுடன் தொடர்கின்றது. 2016 செப்ரெம்பரில், பாதுகாப்புக் குறைபாடுகளை உரிய காலத்தில் சீர்செய்ய ஆள்வலு போதாத நிலையில், திட்டத்தை முடிவுக்குக் கொண்டுவர நேரிடுமா என்ற வினாவை அதன் பொறுப்பாளரே பொதுவில் எழுப்பினார். லிப்ரே ஒஃபிஸோ ஆண்டுக்கு இருமுறை புதிய பதிப்பை வெளியிடுகின்றது. இடையிடையே பாதுகாப்புத் திருத்தங்களும் வருகின்றன.

அன்றாட வேலையிலும் வேறுபாடு உண்டு. மைக்ரோசொஃப்ட் வேர்ட்டின் இன்றைய டொக்எக்ஸ் கோப்பை ஓப்பன் ஒஃபிஸ் திறக்கும். ஆனால் அவ்வடிவில் சேமிக்காது. லிப்ரே ஒஃபிஸ் இரண்டையும் செய்யும். கம்யூன் அலுவலகம் அனுப்பும் படிவத்தை நிரப்பித் திருப்பி அனுப்ப வேண்டிய நமக்கு இது சிறு காரியமன்று. தமிழெழுத்தைப் பொறுத்தவரை, 2017இல் வெளிவந்த 5.3 பதிப்பிலிருந்து லிப்ரே ஒஃபிஸ் ஹாஃபஸ் என்னும் எழுத்துக்கோப்புப் பொறியை எல்லா இயங்குதளங்களிலும் பயன்படுத்துகின்றது. கொம்பும் காலும் தத்தம் இடத்தில் அமர்வதற்கு இத்தகைய பொறியே காரணம். எனவே ஆசிரியைக்கு நான் அளித்த விடை: லிப்ரே ஒஃபிசை வைத்திருங்கள், மற்றையதை அகற்றிவிடுங்கள்.

குறைகளையும் மறைத்தல் ஆகாது. அட்டவணைகளும் பெட்டிகளும் நிறைந்த டொக்எக்ஸ் கோப்புகள் சில வேளைகளில் இடம் பெயர்ந்து தோன்றும். எக்செலுக்கென எழுதப்பட்ட மக்ரோக்கள் எல்லாம் இயங்கும் என்று உறுதி கூற இயலாது.

இதனாலேயே தெரிவு செய்வதுடன் பணி முடிந்துவிடுவதில்லை என்கின்றேன். பாசலில் இருந்து அதிக தொலைவில்லாத ஜேர்மனியின் ஃபிறைபூர்க் நகரை எண்ணிப் பாருங்கள் (நம் நாட்டின் ஃபிறிபூர்க் அன்று). அந்நகர நிர்வாகம் 2007இல் ஓப்பன் ஒஃபிசுக்கு மாற முடிவெடுத்தது. ஆயினும் பழைய மைக்ரோசொஃப்ட் ஒஃபிஸ் 2000 பக்கத்திலேயே இயங்கியது. ஓப்பன் ஒஃபிசும் ஒரு பழைய பதிப்பிலேயே தேங்கி நின்றது. ஊழியரின் முறைப்பாடுகள் பெருகின. 2012 நவம்பரில் நகரசபை மைக்ரோசொஃப்டுக்கே திரும்ப முடிவு செய்தது. புதுப்பிக்காத மென்பொருள், எத்துணை நல்லதாயினும், தன் பெயரைத் தானே கெடுத்துக்கொள்ளும் என்பதே நாம் கற்க வேண்டிய பாடம்.

இதற்கு நேர்மாறான காட்சியும் உண்டு. லவுசானில் உள்ள நம் நாட்டின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் ஓப்பன் ஒஃபிசைத் தன் அலுவல்களுக்குப் பயன்படுத்தியது. தனக்கென உருவாக்கிய ஓப்பன் யுஸ்ரிற்சியா என்னும் மென்பொருளை 2011இல் கட்டற்ற உரிமத்தின் கீழ் வெளியிட்டது. அரசு நிறுவனம் ஒன்று மென்பொருளை இவ்வாறு வழங்கலாமா என்று பேர்ணில் நீண்ட விவாதம் எழுந்தது. கூட்டாட்சி அரசு தனக்கென எழுதுவிக்கும் மென்பொருளின் மூலநிரலை, தக்க தடைகள் இல்லாவிடின், வெளியிட வேண்டும் என்ற விதி 2024 சனவரி 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. அதே நீதிமன்றம் மியூனிக், ஃபிறைபூர்க் முதலிய ஜேர்மன் நகரங்களுடன் சேர்ந்து பணம் ஒதுக்கி, மைக்ரோசொஃப்ட் கோப்புகளைக் கையாளும் திறனையும் மேம்படுத்துவித்தது. அப்பணியின் பயனை இன்று நாம் ஒரு பிராங்கும் செலுத்தாமல் அனுபவிக்கின்றோம். கட்டற்ற மென்பொருள் வானிலிருந்து விழுவதில்லை; யாரோ ஒருவர் உழைப்பால் அல்லது பணத்தால் அதனைத் தாங்குகின்றார்.

இனி நம்மை நேரடியாகத் தொடும் விடயத்துக்கு வருகின்றேன். அந்த ஆசிரியையின் மடிக்கணினியில் 2003ஆம் ஆண்டு தொடக்கம் தயாரித்த வினாத்தாள்கள் இருந்தன. திறந்து பார்த்தபோது தமிழைக் காணோம். "அம்மா" என்று அவர் தட்டெழுதிய சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கிலக் குறிகளாய் நின்றது. காரணம் பாமினி. அவ்வெழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்தியது. கோப்பினுள் தமிழ் என்றுமே இருக்கவில்லை. எழுத்துரு இல்லாத கணினியில் அது வெறும் கோலம். இங்கே ஓப்பன் ஒஃபிசும் உதவாது, லிப்ரே ஒஃபிசும் உதவாது, மைக்ரோசொஃப்ட்டும் உதவாது. ஒருங்குறிக்கு மாற்றுவதொன்றே வழி. நம் பாடசாலைகளின் ஆண்டு மலர்கள், சங்கங்களின் கூட்டக் குறிப்புகள், முதற்றலைமுறையினர் எழுதிவைத்த நினைவுகள் எத்தனை இவ்வாறு பெட்டிகளில் உறங்குகின்றன என்பதை எண்ணினால் மனம் பதைக்கின்றது.

ஆதலால் நான்கு காரியங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கின்றேன்.

ஒன்று, புதிதாக எழுதுவன யாவற்றையும் ஒருங்குறியில் எழுதுங்கள். பாமினிக் கோப்புகளை மாற்றிகளின் துணையுடன் ஒருங்குறியாக்குங்கள். மூலக் கோப்பை அழிக்காதீர்கள். மாற்றியதை ஒருவர் கண்ணால் ஒப்பிட்டுத் திருத்தட்டும்.

இரண்டு, மூலப் பிரதியை ஓடிஎஃப் என்னும் திறந்த ஆவண வடிவில் சேமியுங்கள். இது 2006இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. அக்கோப்பு உண்மையில் ஒரு சிப் பொதி. அதைப் பிரித்தால் உள்ளே நம் தமிழ் வரிகள் வெறும் எழுத்தாகவே இருக்கும். நாளை லிப்ரே ஒஃபிசே இல்லாமற் போயினும் அவற்றை மீட்கலாம். பிறருக்கு வாசிக்க அனுப்புவதைப் பிடிஎஃப் ஆக்குங்கள். எழுத்துருவும் உடன் செல்லும்.

மூன்று, மென்பொருளை அதன் உரிய தளத்தில் இருந்தே தரவிறக்கி, ஆண்டுக்கு இருமுறையேனும் புதுப்பியுங்கள். ஒவ்வொரு பாடசாலையிலும் இதற்கென ஒரு மாணவரைப் பொறுப்பாக்குங்கள். மொழி அமைப்பில் தமிழையும் தமிழ் எழுத்துருவையும் அவரே சரிசெய்து கொடுக்கட்டும். அங்கே தமிழுக்கான எழுத்துரு ஆங்கிலத்துக்கானதில் இருந்து வேறாக அமைக்கப்படும் என்பதை அறியாமல் தடுமாறுவோர் பலர்.

நான்கு, இணையத்தில் இயங்கும் இலவச எழுதிகளைப் பயன்படுத்துவோர், கோப்பு வேறொருவர் கணினியில் இருக்கின்றது என்பதை மறவாதீர்கள். பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலையும் ஒருவரின் அகதி விண்ணப்ப விபரத்தையும் அங்கே வைப்பதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை சிந்தியுங்கள்.

அன்பானவர்களே! ஓப்பன் ஒஃபிசைப் பழிப்பது என் நோக்கமன்று. அது இல்லையேல் லிப்ரே ஒஃபிசும் இல்லை. நாளை வேறொன்று சிறந்ததாகலாம். அன்று தயங்காமல் மாறுவோம். அவ்வாறு மாறும்போது நம் எழுத்து நம்முடன் வருமா என்பதே நாம் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டிய வினா. ஆசிரியையின் வினாத்தாள்களில் பாதியளவு இதுவரை ஒருங்குறியாகிவிட்டது. அவரிடம் பயின்ற மாணவி ஒருத்தியே சனிக்கிழமைகளில் அமர்ந்து மாற்றித் தருகின்றாள். மீதிப் பாதிக்கும், உங்கள் வீடுகளில் உள்ளவற்றுக்கும் கைகள் தேவை. முன்வருவோர் இடைவேளையின்போது என்னைச் சந்திக்கலாம்.