மெஸ் கமிட்டியில் தொடங்கும் குடியரசு



ஐயாவின் நினைவாக நடக்கும் இந்தச் சொற்பொழிவில் கல்லூரி வளாகமும் ஜனநாயகமும் பற்றிப் பேசச் சொன்னார்கள். பெரிய தலைப்பு. எனக்குத் தெரிந்த அளவுக்கு அதைச் சுருக்கிக்கொள்கிறேன்.

ஒவ்வோர் ஆண்டும் சனவரி 25 அன்று தேசிய வாக்காளர் நாள் வருகிறது. நம் கல்லூரிகளில் மாணவர்களை வரிசையாக நிறுத்தி உறுதிமொழி வாசிக்க வைப்பார்கள். ஒரு பேரணி, ஒரு கோலப்போட்டி, முதல்வர் நடுவில் நிற்க ஒரு புகைப்படம். அது முடிந்து வகுப்புக்குப் போனால் வகுப்புப் பிரதிநிதியைத் துறைத்தலைவர் நியமித்திருப்பார். 1989 முதல் 18 வயதானவர்களுக்கு வாக்குரிமை இருக்கிறது. நாடாளுமன்றத்துக்கு ஆள் அனுப்பத் தகுதி பெற்றவர், தான் சாப்பிடும் விடுதியின் மெஸ் கமிட்டிக்கு ஆள் அனுப்பத் தகுதியற்றவராக இருக்கிறார். குடிமைக் கல்வி என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறோம்.

சட்டம் இல்லாமல் இல்லை. உச்ச நீதிமன்றத்தின் அறிவுறுத்தலால் அமைக்கப்பட்ட லிங்டோ குழு, 2006இல் அறிக்கை கொடுத்தது. பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் மாணவர் பேரவைத் தேர்தலை நடத்த வேண்டும், சூழல் சரியில்லாத இடத்தில் மட்டும் தற்காலிகமாக நியமன முறை இருக்கலாம் என்பது அதன் பரிந்துரை. வேட்பாளருக்கு 5,000 ரூபாய் செலவு வரம்பு, 75 விழுக்காடு வருகைப்பதிவு, புகார் கேட்க ஒரு குழு என்று விதிகளும் வகுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அவற்றை நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. அந்தத் ‘தற்காலிகம்’ பல வளாகங்களில் இன்னும் முடியவில்லை.

கேட்டால் ஒரே பதில்தான்: “தேர்தல் வைத்தால் சாதிச் சண்டை வரும்.” ஏதோ தேர்தல் இல்லாத இடத்தில் சாதி வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வருவது மாதிரி! மணிக்கட்டில் கட்டும் கயிற்றின் நிறத்தில் அது இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவன் வீட்டுக்குள் வெட்டப்பட்டதற்கு எந்தப் பேரவைத் தேர்தலும் காரணமில்லை. கூடிப் பேச இடமில்லாத வளாகத்தில் சாதிதான் ஒரே சங்கமாக எஞ்சுகிறது. அதனால் இழப்பு யாருக்கு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

1919இல் சௌத்பரோ குழுவின் முன் சாட்சியம் அளித்தபோது அம்பேத்கர் ஒரு கல்லூரிப் பேராசிரியர். பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளியல் கற்பித்துக்கொண்டிருந்தார். வாக்குரிமையை அவர் ஆட்சியாளரைத் தேர்ந்தெடுக்கும் சீட்டாக மட்டும் பார்க்கவில்லை. கூடி வாழ்வதற்கான நிபந்தனைகளைத் தீர்மானிப்பதில் நேரடியாகப் பங்கேற்கும் வாய்ப்பு அது என்று வாதிட்டார். பின்னாளில் மக்கள் கல்விக் கழகத்தின் மூலம் 1946இல் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கினார். அங்கே மாணவர் நாடாளுமன்றம் இயங்கியது, அதில் அவரே வந்து பேசினார். அவர் பெயரில் கல்லூரிகளும் விடுதிகளும் வைத்திருக்கும் நாம் அந்த நாடாளுமன்றத்தை மட்டும் விட்டுவிட்டோம்.

ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலா உள்ளிட்ட ஐந்து தலித் ஆய்வு மாணவர்களுக்கு 2015 டிசம்பரில் கிடைத்த தண்டனையின் சொற்களைக் கவனித்துப் பாருங்கள். விடுதிக்குள் நுழையக் கூடாது. நிர்வாகக் கட்டடத்திலும் பொது இடங்களிலும் குழுவாகத் தென்படக் கூடாது. மாணவர் பேரவைத் தேர்தலில் பங்கேற்கக் கூடாது. ஊர்க்கட்டுப்பாட்டை அலுவலக மொழியில் எழுதினால் இப்படித்தான் இருக்கும். அந்த மாணவர்கள் வெளியே கூடாரம் போட்டு அதற்கு ‘வெளிவாடா’ என்று பெயர் வைத்தார்கள், சேரி என்று பொருள்படும் தெலுங்குச் சொல். 2016 சனவரி 17 அன்று ரோஹித்தை இழந்தோம். அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2015 மே மாதத்தில், சென்னை ஐ.ஐ.டி.யில் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரம் பறிக்கப்பட்டது. அதற்குக் காரணமாக இருந்தது பெயர் போடாத ஒரு புகார். எதிர்ப்பு நாடு முழுக்கக் கிளம்பியது, ஜூன் மாதமே அங்கீகாரம் திரும்ப வந்தது. ஒரு வாசிப்பு வட்டத்துக்கே நிர்வாகம் இவ்வளவு நடுங்கியது என்றால், கூடிப் படிப்பதன் மதிப்பை நம்மைவிட அவர்கள் நன்றாக அறிந்திருக்கிறார்கள்.

இனி விடுதிக்கு வருகிறேன். ஆதிதிராவிடர் நலத்துறைக் கல்லூரி விடுதிகளில் உணவுக்கான தொகை 2023இல் மாதம் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. ஒரு நாளைக்கு 50 ரூபாய், மூன்று வேளைக்கும் சேர்த்து. 2025இல் விடுதிகளின் பெயர் ‘சமூகநீதி விடுதி’ என்று மாறியது. நல்ல பெயர். அந்த 50 ரூபாய் முழுசாகத் தட்டுக்கு வருகிறதா என்பதுதான் நம் கேள்வி.

தென்மாவட்ட விடுதி ஒன்றில் மாணவர்களோடு உட்கார்ந்து தகவல் உரிமைச் சட்டம் படித்தோம். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில், வராவிட்டால் மேல்முறையீடு. தங்குவோர் பதிவேட்டையும் மளிகைச் செலவுப் பதிவேட்டையும் கேட்பது என்று முடிவானது. மனு எழுத அரை மணி நேரம் போதுமானதாக இருந்தது. யார் பெயரில் போடுவது என்பதற்கு மூன்று இரவுகள் ஆயின. “நன்னடத்தைச் சான்றிதழ் தராவிட்டால்?” என்று ஒரு தம்பி கேட்டான். அவன் அம்மா நூறுநாள் வேலைக்குப் போகிறவர். அவனைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் பத்துப் பேர் தனித்தனியாகப் பத்து மனுக்கள் போடுவது என்று அவர்களே வழி கண்டார்கள். மேல்முறையீட்டுக்குப் பிறகு பதிவேடு வந்தது. படுக்கையை விடப் பெயர்கள் அதிகம் இருந்தன. சாம்பார் கொஞ்சம் கெட்டியானது, அவ்வளவுதான் உடனடி வெற்றி.

அந்த மூன்று இரவுகளில் வேறொன்றும் வெளியே வந்தது. பேச்சாளராக ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் அருந்ததியர் மாணவன் ஒருவனின் பெயரைச் சொன்னதும் அறை அமைதியாகிவிட்டது. யாரும் மறுக்கவில்லை, யாரும் வழிமொழியவும் இல்லை. நம் விடுதிகளில் இந்த அமைதி இருக்கிறது, தோழர்களே. இங்கே அதைச் சொல்லாமல் வேறெங்கே சொல்வது? இரகசிய வாக்கெடுப்பு வைத்தார்கள், அவன் ஜெயித்தான். கைதூக்கச் சொல்லியிருந்தால் தோற்றிருப்பான் என்றே நினைக்கிறேன். வாக்குச்சீட்டு என்ற தாள் என்ன செய்யும் என்பதை அந்தப் பிள்ளைகள் அன்று படித்தார்கள்.

பெண்கள் விடுதியிலிருந்து அந்தக் கூட்டங்களுக்கு ஒருவரும் வரவில்லை. ஆறு மணிக்கு அங்கே கதவைப் பூட்டிவிடுவார்கள், நாம் கூட்டம் போட்டதோ இரவு எட்டு மணிக்கு. அமைப்புகள் தங்கள் கூட்ட நேரத்தை மாற்ற யாருடைய அனுமதியும் தேவையில்லை.

கடைசியாக ஒன்று. சேர்க்கையின்போது எந்தப் போராட்டத்திலும் ஈடுபட மாட்டேன் என்று மாணவரிடமும் பெற்றோரிடமும் கையெழுத்து வாங்கும் கல்லூரிகள் உண்டு. கைநாட்டு வைத்துவிட்டு வந்த அப்பாக்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு அதை வாசித்துக் காட்டியவர் ஒருவருமில்லை. பேச்சுரிமையும் சங்கம் சேரும் உரிமையும் அரசமைப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவில் இருக்கின்றன. அந்தப் படிவம் அவற்றின் முன் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதைச் சட்டப்படி பார்க்க வேண்டும். உங்களில் யாரிடமாவது அதன் நகல் இருந்தால் கூட்டம் முடிந்ததும் கொடுங்கள். முன்வரிசையில் வழக்கறிஞர் தோழர்கள் இருவர் அதற்காகவே உட்கார்ந்திருக்கிறார்கள். பெயரை மறைத்துவிட்டுக் கொடுத்தாலும் போதும்.