ஒற்றைப் பிரதிக் குருவி

ஒரு நூலுக்கு ஒரேயொரு ஏட்டுச்சுவடிதான் கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதிலே புதிய சொல்லொன்று வந்தால் அது புலவர் வாக்கா, ஏடெழுதியவரின் பிழையா? ஒப்புநோக்க வேறு பிரதி இல்லாததால் துணிந்து கூற இயலாது. இப்படி ஒற்றைப் பிரதியாய் நெடுங்காலம் கிடந்தது ஒரு குருவி.

1867 நவம்பரில், இமயத்தின் சட்லெஜ் பள்ளத்தாக்கில், ராம்பூருக்கு அருகே அலன் ஒக்டேவியன் ஹியூம் அதைச் சேகரித்தார். 1885இல் இந்திய தேசிய காங்கிரஸ் உருவாக முன்னின்ற அதே ஹியூம்தான். பூச்சி தின்னும் சிறு பறவை, மங்கிய மண்ணிறம், அலகு சற்று நீளம். பெரிய அலகு நாணற் கதிர்க்குருவி என்று அதனைச் சொல்லலாம். பின்னர் நூறாண்டுக்கு மேலாக அது எவர் கண்ணிலும் பட்டதாகத் தெரியவில்லை. வேறொரு குருவியின் திரிபாக இருக்கலாம் என்றுகூட ஐயுற்றார்கள்.

2002இல் வெளியான மரபணு ஆய்வு, அது தனி இனமே என்றது. 2006 மார்ச்சில் தாய்லாந்தின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமொன்றில் உயிருள்ள குருவி வலையில் அகப்பட்டது. அதன்பின் இங்கிலாந்தின் டிரிங் நூதனசாலையில் தேடினார்கள். 1869இல் வட இந்தியாவிற் சேகரித்த இரண்டாவது பிரதி, வேறு குருவியின் பெயர்ச்சீட்டோடு அங்கே கிடந்தது!

2008இல் ஆப்கானிஸ்தானின் வக்கான் பள்ளத்தாக்கில் ரொபர்ட் டிம்மின்ஸ் ஒரு குருவியின் பாட்டைப் பதிவுசெய்தார். முதலில் அவரும் அதை வேறு குருவியென்றே எண்ணினார். மறு ஆண்டு ஏறத்தாழ இருபது குருவிகளை வலையிற் பிடித்து ஆராய்ந்தபோது உண்மை உறுதியாயிற்று. வறண்ட மலைகளுக்கு நடுவே, ஆற்றோரப் புதர்களில் அது பாடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

இதைப் படித்தபோது என் சிவப்புப் பேனை நினைவுக்கு வந்தது. நான் மலைநாட்டிற் பிறந்தவன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்த மாணவனொருவன் கட்டுரையில் 'புலுனி' என்று எழுதியிருந்தான். பிழையென வெட்டி, புள்ளியையும் குறைத்தேன். "சேர், எங்கட வளவில கூட்டமாய் வாற குருவி அது" என்றான். நான் கேட்கவில்லை. தவிட்டுக்குருவிக்கு அவனூர் வழங்கும் பெயர் அது என்று பிறகுதான் அறிந்தேன். அதற்குள் அவன் கல்லூரியை விட்டுப் போய்விட்டான். நான் அறியாததை இல்லாதது என்று தீர்ப்பளித்துவிட்டேன்.

வக்கானின் ஆற்றோரப் புதர்களை விறகுக்காக வெட்டுகிறார்கள், கால்நடைகளும் மேய்கின்றன. கடுங்குளிரில் வாழும் ஏழை மக்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஆனால் புதர் போனால் பாட்டும் போகும். அப்போது எஞ்சுவது நூதனசாலைப் பிரதிகள்தாம். சொல்லும் அப்படியே. அகராதியில் ஏறிவிட்டால் மட்டும் போதாது. அதைச் சொல்லும் வாய் வேண்டும்.

இப்போதெல்லாம் அறியாத சொல்லைக் கண்டால் நான் வெட்டுவதில்லை. "இது எந்த ஊர்ச் சொல், தம்பி?" என்று கேட்கிறேன்.