நிரந்தர இருக்கையும் நிலையான கொள்கையும்

(கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



ஐ.நா. பாதுகாப்பு அவையில் இந்தியாவுக்கு நிரந்தர இடம் வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. அதில் நமக்கு மாறுபாடு இல்லை. 1945இல் 51 நாடுகளுடன் தொடங்கிய ஐ.நா.வில் இன்று 193 நாடுகள் உள்ளன. ஆயினும், நிரந்தர இடங்கள் அன்றும் ஐந்து, இன்றும் ஐந்து. ஆப்பிரிக்காவுக்கும் லத்தீன் அமெரிக்காவுக்கும் அவற்றில் ஒன்றுகூட இல்லை. 1965இல் அவையின் உறுப்பினர் எண்ணிக்கை 11இலிருந்து 15ஆக உயர்ந்தபோதும், கூடியவை தற்காலிக இடங்கள் மட்டுமே.

இந்த அமைப்பை மாற்றுவதற்கு வழி என்ன? ஐ.நா. சாசனத்தின் 108ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. பொதுச்சபையில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 129 நாடுகள் ஆதரிக்க வேண்டும். பின்னர் அதே அளவிலான நாடுகள் ஏற்புறுதி அளிக்க வேண்டும். அவற்றுள் ஐந்து நிரந்தர உறுப்பினர்களும் இருந்தாக வேண்டும். ஆகவே, வாஷிங்டனின் புன்னகை மட்டும் இருக்கையைப் பெற்றுத் தராது. ஆப்பிரிக்காவில் மட்டும் 54 நாடுகள் உள்ளன. வளரும் நாடுகளின் நம்பிக்கையே முதற்படி.

அந்த நம்பிக்கையை இந்தியா ஒரு காலத்தில் ஈட்டியிருந்தது. விடுதலைக்கு முன்பே, 1946இல், தென்னாப்பிரிக்காவின் நிறவெறியை ஐ.நா.வில் எழுப்பியது, அந்நாட்டுடனான வணிகத்தையும் துண்டித்தது. 1974இல் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தையும், 1988இல் பாலஸ்தீன அரசையும் அங்கீகரித்தது. அண்மையில், 2020இல், தென்னாப்பிரிக்காவுடன் இணைந்து, கொரோனா தடுப்பூசிகள் மீதான காப்புரிமையைத் தளர்த்துமாறு உலக வர்த்தக அமைப்பில் கோரியது. அது சரியான செயல். தலைமை என்பது அதுதான்.

ஆனால், 2025 ஜூனில் நடந்தது என்ன? ஜூன் 4 அன்று, பாதுகாப்பு அவையில் 14 நாடுகள் ஆதரித்த காசா போர்நிறுத்தத் தீர்மானத்தை அமெரிக்கா தனியொரு நாடாக நின்று வீட்டோ அதிகாரத்தால் வீழ்த்தியது. எட்டு நாள் கழித்துப் பொதுச்சபையில் 149 நாடுகள் போர்நிறுத்தத்தை ஆதரித்தன. வாக்களிக்காமல் ஒதுங்கிய 19 நாடுகளுள் ஒன்று இந்தியா! 2023 டிசம்பரில் இதே கோரிக்கைக்கு ஆதரவாக வாக்களித்த அரசுதான் இவ்வாறு ஒதுங்கியது. பேச்சுவார்த்தையே வழி என்று விளக்கம் தரப்பட்டது. குண்டுவீச்சு நிற்காமல் பேச்சுவார்த்தை எங்கே தொடங்கும்?

தோழர்களே, பொதுச்சபையில் வாய் திறக்கத் தயங்கும் நாடு, பாதுகாப்பு அவையில் யாருக்காகப் பேசும்? இந்தக் கேள்வியை உலகம் கேட்கத்தான் செய்யும்.

வீட்டோ அதிகாரமே கொள்கையளவில் ஒழிய வேண்டும் என்பது ஆப்பிரிக்க ஒன்றியத்தின் நிலைப்பாடு. இந்தியாவின் குரலும் அங்கிருந்தே எழ வேண்டும். ஐவரின் ஆதிக்கம் அறுவரின் ஆதிக்கமாக மாறுவது ஜனநாயகம் ஆகாது.

இருக்கை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். சுயேச்சையான வெளியுறவுக் கொள்கையை மீட்பதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. அதற்காக மக்களைத் திரட்டுவோம்.