கேட்டுக்கு வெளியே நிற்கும் வண்டிகள்

(சென்ற பொதுக்குழுக் கூட்டத்தில், நான்காவது தீர்மானம் வாக்கெடுப்புக்கு வருமுன் நம் உறுப்பினர் ஒருவர் பேசியது. அன்று வர இயலாதவர்களுக்காக இங்கே தருகிறோம். – ஆசிரியர் குழு)

தலைவர் ஐந்து நிமிடம் என்றார். ஆறாவது நிமிடம் மணியடியுங்கள், உட்கார்ந்து விடுகிறேன்.

நம் வாசலில் நிற்கும் தள்ளுவண்டிகளை அகற்றச் சொல்லி நகராட்சிக்கு மனுக் கொடுப்பது, கீரை, பூ விற்பவர்களை இனி உள்ளே விடுவதில்லை. இதுதான் தீர்மானம். இதைக் கொண்டு வந்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. போன வாரம் என் காரும் பத்து நிமிடம் வெளியே போக முடியாமல் நின்றது. இளநீர்க் கூடு அடைத்து சாக்கடை வழிந்ததையும் நானே மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். குறை உண்மை. மருந்துதான் தப்பு என்கிறேன்.

நேற்று காலை ஆறு மணியிலிருந்து எட்டரை வரை வாட்ச்மேன் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன். பால்காரர் இரண்டு பேர், கீரைக்கார அம்மா, பூக்கார அக்கா, இஸ்திரி வண்டி, இளநீர் வண்டி, டீக்கடை அண்ணாச்சியின் கேன் பையன். மொத்தம் ஏழு பேர். அந்த இரண்டரை மணி நேரத்தில் நம் வீடுகளிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறங்கி வந்து அவர்களிடம் வாங்கினார்கள். தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் சிலரும் அதில் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன், சிரிக்காதீர்கள்.

நம் இரண்டு ஊரும் இப்படிச் சின்னக் கைகளால் வளர்ந்த ஊர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்து லிட்டர் பாலும் சுமார் ஒன்றேகால் கிலோ சர்க்கரையும் விறகடுப்பில் விடாமல் கிண்டினால், மூன்று, மூன்றரை கிலோ கோவா தேறும். அவ்வளவுதான் சேர்மானம். கெடாமல் இருக்க எதுவும் போடுவதில்லை என்பதால் ஒரு வாரம் தாங்கினால் பெரிது. அப்படியானால் பால் அன்றன்றைக்குப் பக்கத்திலிருந்து வந்தாக வேண்டும். ஒரு மாடு, இரண்டு மாடு வைத்திருப்பவர்கள் சுற்றுக் கிராமங்களில் கறந்து ஊற்றினால்தான் அந்த அடுப்பு எரியும். 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாமெல்லாம் வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்பினோம். அந்தக் கறவைக்காரர்களில் ஒருவர்தான் நம் வாசலில் கேனோடு நிற்கிறார். அவரை என்ன செய்வது என்று இப்போது ஓட்டுப் போடப் போகிறோம்.

ராஜபாளையம் கதையும் அதுதான். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். மில் வந்தது, ஷிப்ட் வந்தது. இரவு ஷிப்ட் முடித்து வருபவருக்கு விடியுமுன் டீ வேண்டும், பகல் ஷிப்டுக்குப் போகிறவருக்கு இட்லி வேண்டும். அந்தப் பசிக்குத்தான் கடைகள் முளைத்தன. பக்கத்தில் சத்திரப்பட்டியைப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி அங்கே வீட்டுக்கு வீடு விசைத்தறியில் ஓடுகிறது. தறிச் சத்தத்தில் நமக்குப் பேச்சே காதில் விழாது, அந்த வீட்டுக் குழந்தை நிம்மதியாகத் தூங்கும்.

அவர்கள் பாவம், இரக்கப்படுங்கள் என்று நான் கேட்கவில்லை. பூக்கார அக்காவே அதைக் கேட்டால் சண்டைக்கு வருவார். கணக்கைத்தான் சொல்கிறேன். பி பிளாக்கில் தனியாக இருக்கும் பாட்டி போன மழைக்காலத்தில் இரண்டு நாள் கதவைத் திறக்கவில்லை. அதை முதலில் கவனித்துச் சொன்னவர் கீரைக்கார அம்மா. காய்ச்சலில் கிடந்தவரை அதன் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். செல்போனில் ஆர்டர் செய்தால் கீரை வரும், அதோடு சரி. நானும் ஆர்டர் செய்கிறவன்தான், மறைக்கவில்லை.

இன்னொன்று சட்டம். 2014-ல் வந்த தெரு வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடித்து விற்பனைச் சான்று கொடுக்கும் வரை யாரையும் அகற்றக் கூடாது. வாசலுக்கு வெளியே இருக்கும் ரோடு நம் சங்கத்துச் சொத்து இல்லை. மனுக் கொடுத்தால் அலைச்சல் நமக்குத்தான். உள்ளே விடுவதும் விடாததும் நம் உரிமை, அதில் வாதமில்லை.

அதனால் தீர்மானத்தைத் திருத்தக் கேட்கிறேன். கார் திரும்பும் இடத்தில் இரண்டு பக்கமும் மஞ்சள் கோடு போடுவோம். கோட்டுக்குள் வண்டி நிற்கக் கூடாது. இதை வண்டிக்காரர்களிடம் பேசிவிட்டேன், இஸ்திரிக்காரர் வேப்பமரத்தடிக்குத் தள்ளிக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். இளநீர்க் கூட்டுக்கு ஒரு டிரம் வைப்போம், சாயங்காலம் அவரே எடுத்துப் போக வேண்டும். தவறினால் அவருக்கு இடமில்லை, இதையும் அவரிடம் சொல்லியாயிற்று. உள்ளே வரும் கீரை, பூ, பால் ஆட்களின் பெயரும் போன் நம்பரும் வாட்ச்மேன் நோட்டில் இருக்கட்டும். நேரம் காலை ஆறிலிருந்து எட்டரை, அதற்கு மேல் யாரும் மாடியேறக் கூடாது. திருட்டுப் பயம் உள்ளவர்களுக்கு இது போதுமா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். போதாது என்றால் மாடி ஏறாமல் கீழேயே விற்கட்டும், நாம் இறங்கி வருவோம். எனக்கு முழங்கால் வலி, இருந்தாலும் வருகிறேன்.

மூன்று மாதம் பார்ப்போம். சரிவரவில்லை என்றால் அடுத்த கூட்டத்தில் இதே தீர்மானத்தை நானே முன்மொழிகிறேன். பெயிண்டுக்கும் டிரம்முக்கும் ஆகும் செலவைப் பொருளாளரிடம் கேட்டேன், பராமரிப்பு நிதியிலேயே அடங்கும் என்றார். மணியடிக்கிறார்கள். செயலாளர் அய்யா, திருத்தத்தை ஒருமுறை வாசித்துவிட்டு வாக்கெடுப்புக்கு விடுங்கள்.