விடுதலைப் பத்திரத்தில் யாருக்கு விடுதலை?

(மதுரையில் இணையவழி அரசு சேவைகளைப் பயன்படுத்துவோருக்காக நடந்த விழிப்புணர்வுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செல்போனில் எப்படி விண்ணப்பிப்பது, ஓடிபி எங்கே வரும் என்பதெல்லாம் இங்கே வந்திருக்கிற பெரும்பாலானவர்களுக்குத் தெரியும். அதனால் அதைப் பற்றி நான் பேசப் போவதில்லை. விண்ணப்பத்திலும் பத்திரத்திலும் சான்றிதழிலும் வருகிற சொற்களைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசலாம் என்று வந்திருக்கிறேன். "சொல்லுல என்னங்க இருக்கு, வேலை நடந்தா சரி"ன்னு தோணலாம். முதலில் ஒரே ஒரு சொல்லை எடுத்துக்குவோம்.

ஒரு சொல், ஒரு பங்கு

விடுதலைப் பத்திரம். கேட்க நல்லாத்தான் இருக்கு. கடனிலிருந்து விடுதலை, வழக்கிலிருந்து விடுதலை என்றுதான் மனசு நினைக்கும். பத்திரப் பதிவு அலுவலகத்தில் பொருள் வேறு. ஒரு சொத்தில் கூட்டாக உரிமை உள்ளவர்களில் ஒருவர், தன் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுத்து எழுதித் தருவதுதான் விடுதலைப் பத்திரம். 'ரிலீஸ் டீடு' என்ற ஆங்கிலச் சொல்லின் தமிழ் வடிவம். கையெழுத்துப் போடுகிறவருக்கு அந்தச் சொத்தில் அதன் பிறகு உரிமை இல்லை.

திருமங்கலம் பக்கம் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அப்பா காலமாகிவிட்டார். கொஞ்சம் நிலம் இருக்கிறது. இரண்டு அண்ணன்கள், ஒரு தங்கச்சி. "ஒண்ணுமில்லத்தா, ஒரு விடுதலைப் பத்திரம். வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போ" என்று கூப்பிடுகிறார்கள். தங்கச்சி விவரம் தெரிந்து, விரும்பி விட்டுக்கொடுத்தால் அது அவர் முடிவு. ஆனால் பொருள் புரியாமல் கையெழுத்துப் போட்டால்? பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டத்தைத் திருத்தியது. 2005-ல் அது நாடு முழுவதற்கும் வந்தது. இத்தனை வருஷம் போராடிக் கிடைத்த உரிமை, ஒரு சொல் விளங்காததால் ஒரே நாளில் கைவிட்டுப் போகக்கூடும். பதிவான பிறகு மாற்ற வேண்டுமென்றால் கோர்ட்டுக்குத்தான் அலைய வேண்டும்.

1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தில் 19-ஆவது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? பதிவுக்கு வரும் ஆவணம் அந்த மாவட்டத்தில் புழங்காத மொழியில் இருந்து, பதிவு அலுவலருக்கும் அது புரியவில்லை என்றால், சரியான மொழிபெயர்ப்பு இணைக்காமல் அவர் அதைப் பதிவு செய்யக் கூடாது. அலுவலருக்குப் புரிய வேண்டும் என்பதில் சட்டம் இவ்வளவு கறாராக இருக்கிறது. எழுதிக் கொடுக்கிற நமக்குப் புரிந்ததா என்பதில் நாமும் அதே கறாரோடு இருக்க வேண்டாமா?

இதே துறையில் ஒரு நல்ல தமிழாக்கமும் இருக்கிறது. வில்லங்கச் சான்றை எடுத்துப் பாருங்கள். 'எழுதிக் கொடுத்தவர்', 'எழுதி வாங்கியவர்' என்று இரண்டு பத்திகள் இருக்கும். படிப்பு அதிகம் இல்லாதவருக்கும் யார் கொடுத்தது, யார் வாங்கியது என்று பளிச்சென்று விளங்கும். ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்க்காமல், அங்கே நடக்கிற காரியத்தைச் சொன்னதால் வந்த தெளிவு அது.

சொற்கள் எப்படி வந்து சேர்ந்தன?

நம்ம மதுரைச் சீமையில் அரசாங்க மொழி ஒன்றாக இருந்ததே இல்லை. நாயக்கர் காலத்தில் தெலுங்கு புழங்கியது. பிறகு ஆற்காட்டு நவாப்பின் ஆட்சி. 1801-க்குப் பின் கம்பெனி ஆட்சி, ஆங்கிலம். ஒவ்வொரு ஆட்சியும் போகும்போது சில சொற்களை விட்டுவிட்டுப் போனது. தாசில்தார், ஜமாபந்தி, பசலி எல்லாம் அரபு, பாரசீக வழியில் வந்தவை. அடங்கல், நன்செய், புன்செய் நம்முடையவை.

பசலி என்ற சொல்லை அடங்கலில் பார்த்திருப்பீர்கள். அது ஜூலை 1-இல் தொடங்குகிற வருவாய் ஆண்டு. பசலி எண்ணோடு 590-ஐக் கூட்டினால், அது தொடங்குகிற ஆங்கில வருஷம் கிடைக்கும். பசலி 1434 என்றால் 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை. இந்தச் சின்னக் கணக்கு தெரிந்தால், கையில் இருப்பது எந்த வருஷத்து அடங்கல் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

1956-ல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. அடுத்த வருஷமே ஆட்சிச் சொல்லகராதி வெளியானது. தாசில்தார் வட்டாட்சியர் ஆனார், கலெக்டர் ஆட்சியர் ஆனார், ஜமாபந்தி வருவாய்த் தீர்வாயம் ஆனது. இன்று 'சொற்குவை' இணையதளத்தில் ஆங்கிலச் சொல்லைக் கொடுத்துத் தமிழ்ச் சொல்லைத் தேடலாம். இது பெரிய உழைப்பு. ஆனாலும் பலகையில் 'வருவாய்த் தீர்வாயம்' என்று இருக்கும். ஊரில் 'ஜமாபந்தி எப்போ?' என்றுதான் கேட்பார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று தெரியாதவர் மனு கொடுக்கிற நாளைத் தவறவிடுவார். புதுச் சொல்லின் பக்கத்தில் பழகிய சொல்லையும் போட்டுவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை. சொல்லாக்கம் முடிந்த பிறகு, அது மக்களிடம் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதும் அதே அளவு முக்கியமான வேலை.

ஒரே பேர், ரெண்டு சான்று

அடிக்கடி அலைச்சல் தருகிற இரண்டு சொற்களைச் சொல்கிறேன்.

ஒன்று, வாரிசுச் சான்று. இறந்தவரின் சட்டப்படியான வாரிசுகள் யார் யார் என்று வட்டாட்சியர் தருவது ஒரு சான்று. இதற்கு இ-சேவை மையம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி உரிமையியல் நீதிமன்றம் தருவது இன்னொன்று. இறந்தவருக்கு வர வேண்டிய கடன், வைப்புத்தொகை, பங்குகள் போன்றவற்றை வசூலிக்க அது உதவும். ஆங்கிலத்தில் முன்னது 'லீகல் ஹேர் சர்டிபிகேட்', பின்னது 'சக்சஷன் சர்டிபிகேட்'. பேச்சில் இரண்டுமே 'வாரிசு சர்டிபிகேட்'. வங்கியில் ஒன்றைக் கேட்க, நாம் இன்னொன்றுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்போம். அதனால் "வட்டாட்சியர் தர்றதா, கோர்ட்டு தர்றதா?" என்று முதலிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, வில்லங்கம். நம்ம ஊர்ப் பேச்சில் 'வில்லங்கமான ஆளு' என்றால் தகராறு பிடித்தவர். அதனால் வில்லங்கச் சான்றில் பதிவு ஏதாவது இருந்தாலே சிலருக்குப் பயம் வந்துவிடுகிறது. முறையாக நடந்த கிரயமும் அதில் வரும், அடமானமும் வரும். பதிவு இருப்பதே குற்றமில்லை. அது என்ன பதிவு என்று படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

வாய்மொழியில் ஒரு சொல் தவறினால்

எழுத்து என்றால் திரும்பப் படித்துப் பார்க்கலாம். ஆஸ்பத்திரியிலும் கோர்ட்டிலும் பேச்சு ஒரு நொடியில் கடந்துவிடும்.

1980-ல் அமெரிக்காவின் புளோரிடாவில் 18 வயது இளைஞர் ஒருவரை மயங்கிய நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். ஸ்பானிஷ் பேசும் குடும்பம். சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்கிற பொருளில் 'இன்டாக்சிகாடோ' என்றார்கள். ஆங்கிலத்தில் அது போதை என்று புரிந்துகொள்ளப்பட்டது. மூளையில் இருந்த ரத்தக்கசிவைத் தாமதமாகத்தான் கண்டுபிடித்தார்கள். கை, கால்கள் செயலிழந்து போயின. பொதுச் சேவை மொழிபெயர்ப்பு பற்றிப் படிக்கிறவர்கள் இன்றும் எடுத்துக்காட்டும் நிகழ்வு இது.

நம்மிடமும் அப்படிச் சொற்கள் உண்டு. 'மயக்கமா வருது' என்றால் தலைசுற்றலா, நினைவு தப்பியதா? ரெண்டுக்கும் அதையே சொல்கிறோம். பெரியாஸ்பத்திரியில் உள்ளூர் மருத்துவர் மறுபடி கேட்டுத் தெளிந்துகொள்வார். ஆனால் கட்டட வேலைக்கு வந்த பீகார், ஒடிசாத் தொழிலாளிக்காக உடன் வேலை செய்பவர் ஒருவர் அரைகுறையாகப் பேசிக்கொடுக்கும்போது அந்தத் தெளிவு கிடைக்குமா? மகால் பக்கம் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிற குடும்பங்கள் நிறைய. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் அந்த மொழி பேசுவோர் இரண்டு லட்சத்துக்கும் மேல். அங்கே பேரன் பேத்திதான் பாட்டிக்கு மொழிபெயர்ப்பாளர். பேத்தியிடம் சொல்லக் கூச்சப்படுகிற நோவை அந்தப் பாட்டி மருத்துவரிடம் எப்படிச் சொல்வார்?

ஆஸ்திரேலியாவில் 1973-லிருந்து அரசே தொலைபேசி வழி மொழிபெயர்ப்புச் சேவை நடத்துகிறது. எல்லோர் கையிலும் போன் இருக்கிற நம்ம ஊருக்கும் இது எட்டாத விஷயமில்லை.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் சாட்சியம் சொல்லப்பட்டால், அவருக்குப் புரிகிற மொழியில் நீதிமன்றத்திலேயே எடுத்துச் சொல்ல வேண்டும். 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்த இந்த விதி புதிய சட்டத்திலும் தொடர்கிறது. தடுப்புக்காவலுக்கான காரணங்களை ஆங்கிலத்தில் எழுதிக்கொடுத்து, வாயால் விளக்கினால் போதாது. புரியும் மொழியில் எழுத்தாகவே தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஹரிகிசன் வழக்கில் 1962-லேயே சொல்லிவிட்டது.

நாம் செய்யக்கூடியவை

• கையெழுத்துக்கு முன் பத்திர எழுத்தரிடம் கேளுங்கள்: "இதுல நான் எதைக் கொடுக்கிறேன், எதை வாங்குறேன்?" பதிலைப் பேச்சுத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள்.

• போனில் உள்ள மொழிபெயர்ப்பு ஆப்பை நோட்டீஸ் படிக்கப் பயன்படுத்தலாம். பத்திரத்துக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம். 'எக்சிகியூஷன்' என்றால் பத்திரத்தில் எழுதிக்கொடுத்தல், இன்னோர் இடத்தில் தூக்குத்தண்டனை. எந்த இடம் என்று ஆப்புக்குத் தெரியாமல் போகலாம்.

• குறை தீர்க்கக் கோரி எந்த அலுவலரிடமும் தமிழில் மனு கொடுக்கலாம். மத்திய அரசு அலுவலகத்துக்கும் இது பொருந்தும். அரசமைப்பின் 350-ஆவது பிரிவு தரும் உரிமை இது.

• மருத்துவமனைக்கு மொழி தெரியாதவரோடு போகிறவர், சின்னப் பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள். சொன்னதைத் திரும்பச் சொல்லிச் சரிபாருங்கள்.

• இணையதளத்தில் புரியாத சொல் இருந்தால், 1100 என்ற முதல்வரின் உதவி மைய எண்ணில் சொல்லுங்கள். "எனக்குத்தான் வெளங்கல போல"ன்னு விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும், பீரோவில் இருக்கிற பத்திரத்தை எடுத்து அம்மாவோடும் அக்கா தங்கச்சியோடும் உட்கார்ந்து ஒருமுறை சத்தமாகப் படியுங்கள். புரியாத சொற்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அடுத்த தடவை பதிவு அலுவலகமோ இ-சேவை மையமோ போகும்போது அந்தத் தாளும் உங்க கையில் இருக்கட்டும்.