ரயில் அருங்காட்சியகத்துக்கு யாரைக் கூட்டிட்டுப் போகணும்?

(திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில் குடிமக்கள் சேவைகள் பற்றி நடந்த சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



செங்கம் சாலையில் இறங்கி இந்த இடத்துக்கு நடந்து வருவதற்குள் மூன்று பேர் என்னிடம் வழி கேட்டுவிட்டார்கள். ஒருவருக்கு ஆசிரமம், ஒருவருக்கு கிரிவலப் பாதை, ஒருவருக்கு ஏ.டி.எம். மூன்று பேர் செல்போனிலும் வரைபடம் திறந்தே இருந்தது. இருந்தாலும் ஆளைக் கேட்டுத்தான் நகர்ந்தார்கள். இந்த ஊரில் அது புதுசு இல்லை.

1896 ஆகஸ்ட் 29. மதுரையிலிருந்து வேங்கடராமன் என்ற பதினாறு வயசுப் பையன் திருவண்ணாமலைக்குக் கிளம்புகிறான். பிறகு ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தவர். அவருடைய வாழ்க்கை வரலாற்றில் வரும் ஒரு சின்ன விவரத்துக்காகத்தான் இதைச் சொல்கிறேன். அவர் கையில் கிடைத்தது ஒரு பழைய அட்லஸ். அதைப் பார்த்தால் திருவண்ணாமலைக்கு அருகில் இருக்கும் ரயில் நிலையம் திண்டிவனம். அதை நம்பி 2 ரூபாய் 13 அணா கொடுத்து திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கு ரயில் பாதை போட்டு அப்போது சில வருஷம்தான் ஆகியிருந்தது. அட்லஸுக்கு அது தெரியவில்லை. உடன் பயணம் செய்த ஒரு மௌல்வி சொன்னார்: திருவண்ணாமலைக்கே ரயில் போகுது, விழுப்புரத்தில் மாறணும். விழுப்புரத்தில் இறங்கியவரிடம் மிச்சம் இருந்த காசு மாம்பழப்பட்டு வரைக்கும்தான் வந்தது. அதற்கப்புறம் நடை. கீழூரில் கடுக்கனை அடகு வைத்து, மறுபடி ரயிலேறி, செப்டம்பர் 1ஆம் தேதி காலையில் இங்கே வந்து இறங்கினார்.

அந்த ரயில் ஓடிய தண்டவாளம் இப்போது இல்லை. பாதை இருக்கிறது, தண்டவாளம் வேறு. அன்றைக்குப் போட்டது மீட்டர் கேஜ். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே சரியாக 1,000 மில்லிமீட்டர். இப்போது இருப்பது 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதை. விழுப்புரம் - காட்பாடி தடத்தை மாற்றி முடித்தது 2010இல். நூறு வருஷத்துக்கு மேல் ஓடிய ஒன்றை, இந்த ஊர்க் கல்லூரிப் பிள்ளைகள் பலர் கண்ணால் பார்த்ததில்லை.

நான் பார்த்திருக்கிறேன். எங்க தாத்தா அந்தத் தடத்தில் பாயிண்ட்ஸ்மேன். 2005இல் ஓய்வு பெற்றார். இதழியல் படித்தேன், ஊர் ஊராகப் போய் பேட்டி எடுத்தேன். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவரிடம் மட்டும் ஒரு கேள்வி கேட்டதில்லை. போன வருஷம் அவரோடு ஒரே நிலையத்தில் வேலை பார்த்த நண்பர் காலமானார். துக்கத்துக்குப் போய்த் திரும்பும்போது தாத்தா சொன்னார், "பாப்பா, அவன் போனதோட எங்க ஸ்டேஷன்ல நைட் டூட்டி பார்த்தவன் நான் ஒருத்தன்தான் மிச்சம்." அடுத்த வாரமே அவரைச் சென்னை ரயில் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உங்களுக்குச் சொல்ல வந்தது அந்தப் பயணத்தைத்தான்.

எப்படிப் போனோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னை கடற்கரை - வேலூர் கண்டோன்மென்ட் ரயிலை 2024 மே மாதம் திருவண்ணாமலை வரை நீட்டித்தார்கள். இங்கிருந்து அதிகாலையில் கிளம்பும். போளூர், ஆரணி ரோடு, கண்ணமங்கலம், காட்பாடி, வாலாஜா ரோடு, அரக்கோணம் என்று போகும். பேருந்தில் போனால் சீக்கிரம் போகலாமே என்றேன். தாத்தா கேட்கவில்லை. நல்லவேளை, கேட்கவில்லை. வாலாஜா ரோடு வந்ததும் நான் அவருக்கு ஒரு தகவல் சொன்னேன்: தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1இல் ராயபுரத்தில் கிளம்பி இங்கேதான் வந்து நின்றது, அப்போது இதற்கு ஆற்காடு நிலையம் என்று பெயர். "அது பெரிய லைனு. எங்க லைனு சின்ன லைனு" என்றார். காட்பாடியில் இரண்டும் சந்தித்தாலும் ஒன்றின் பெட்டி இன்னொன்றில் ஓடாது. சரக்கை ஒரு வண்டியிலிருந்து இறக்கி மற்றதில் ஏற்ற வேண்டும். அந்தக் கூலி வேலையை நம்பியே பல குடும்பங்கள் இருந்ததாம். இதை நான் எந்தப் புத்தகத்திலும் தேடவில்லை. ரயில் ஜன்னல் ஓரத்தில் கேட்டது.

அருங்காட்சியகம் பெரம்பூர் ஐ.சி.எஃப். பக்கம், புது ஆவடி சாலையில் இருக்கிறது. 2002இல் திறந்தது. செல்போன் வரைபடம் எங்களைத் தொழிற்சாலையின் வேறொரு வாசலில் கொண்டுபோய் விட்டது. அங்கே நின்ற காவலாளி சிரித்துக்கொண்டே கையைக் காட்டினார். பழைய அட்லஸ் கதைதான், வேறென்ன.

உள்ளே போனதும் பிள்ளைகள் எல்லாம் சின்ன ரயிலில் சுற்ற ஓடினார்கள். மரத்தடியில் பழைய என்ஜின்களும் பெட்டிகளும் நிற்கின்றன. தாத்தா நேராக ஒரு மீட்டர் கேஜ் நீராவி என்ஜின் பக்கம் போய், டிரைவர் நிற்கும் இடத்துக்குக் கீழே இருக்கும் படியைக் கையால் தடவினார். "இங்கேருந்துதான் ஃபயர்மேன் கையை நீட்டுவாரு" என்றார்.

எதற்கு நீட்டுவார்? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எந்த அருங்காட்சியகத்திலும் பலகையின் அளவு சின்னது. தயாரித்த வருஷம், எடை, எந்தக் கம்பெனி என்று எழுதவே இடம் சரியாகிவிடும்.

எங்கள் தடம் ஒற்றைப் பாதை. போவதும் வருவதும் ஒரே தண்டவாளம். எதிரும் புதிருமாக இரண்டு ரயில் ஒரே நேரத்தில் கிளம்பினால் கதை முடிந்தது. அதைத் தடுக்க அந்தக் காலத்தில் ஓ.டி.பி.யும் இல்லை, ஜி.பி.எஸ்.ஸும் இல்லை. இருந்தது டோக்கன். அடுத்தடுத்த இரண்டு நிலையத்திலும் ஒவ்வொரு இரும்புப் பெட்டி இருக்கும், இரண்டையும் கம்பி இணைத்திருக்கும். பெட்டிக்குள் கைக்கு அடக்கமான எஃகு உருண்டைகள். நீல் என்பவர் பெயரால் அதை நீல் டோக்கன் கருவி என்பார்கள். இந்த நிலைய அதிகாரி மணி அடித்துக் கேட்க வேண்டும், அந்த நிலைய அதிகாரி அங்கிருந்து சம்மதம் கொடுத்தால்தான் இங்கே ஒரு உருண்டை வெளியே வரும். ஒன்று வந்துவிட்டால் இரண்டு பெட்டியும் பூட்டிக்கொள்ளும். அந்த உருண்டை அடுத்த நிலையத்தில் போய்ப் பெட்டிக்குள் விழும் வரை இன்னொன்று எந்தப் பக்கமும் வராது. உருண்டை கையில் இல்லாமல் டிரைவர் அந்தத் தடத்தில் வண்டியை எடுக்க முடியாது. தடம் காலி என்பதற்குச் சாட்சி வாய்வார்த்தை இல்லை, கையில் கனக்கும் ஒரு பொருள்.

எங்க தாத்தா வேலை அதை டிரைவருக்குச் சேர்ப்பது. உருண்டையைத் தோல் பையில் போட்டு, அந்தப் பையைப் பெரிய பிரம்பு வளையத்தில் கட்டியிருப்பார்கள். வண்டி நிற்கிற நிலையமாக இருந்தால் சுலபம். நிற்காத வண்டி என்றால், நடைமேடை ஓரத்தில் நின்று வளையத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். வேகத்தைக் குறைத்து வரும் வண்டியிலிருந்து ஃபயர்மேன் கையை நீட்டி, முழங்கையை வளையத்துக்குள் விட்டு வாங்கிக்கொள்வார். தன் கையில் இருக்கும் பழைய வளையத்தை நடைமேடையில் எறிவார். ராத்திரி என்றால் தாத்தாவின் இன்னொரு கையில் விளக்கு. மழையாக இருந்தால் கேட்கவே வேண்டாம். "பிடியை இறுக்கினா கை போயிடும், விட்டுட்டா வேலை போயிடும்" என்று சொல்லிவிட்டு இரண்டு விரலால் ஒரு பிடியைக் காட்டினார். அந்த விரலை நான் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். பக்கத்தில் நின்ற யாரோ ஒரு குடும்பத்துப் பையன், "தாத்தா, இன்னொரு தடவை காட்டுங்க" என்றான். காட்டினார். அதற்கப்புறம் எங்களைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

பிறகு அவர் என்னிடம் கேட்டதுதான் சங்கடம். "நம்ம லைன்ல ஓடுன வண்டி எது பாப்பா?" சுற்றிச் சுற்றித் தேடினோம். 'இதுதான்' என்று அடித்துச் சொல்ல எங்களால் முடியவில்லை. ஓடிய என்ஜின் அத்தனையையும் யாராலும் நிறுத்தி வைக்க முடியாது. பெரும்பாலானவை உருக்கு உலைக்குத்தான் போகும். அகலப் பாதை வந்ததால்தான் இன்றைக்கு நாம் வண்டி மாறாமல் சென்னைக்குப் போகிறோம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மாற்றின காலத்தில் இந்த மாவட்டத்தில் யாராவது ஒரு பிரம்பு வளையத்தையாவது எடுத்து வைத்தோமா என்று யோசித்தால் எனக்குப் பதில் இல்லை.

ஐ.சி.எஃப். பற்றியும் ஒரு வார்த்தை. 1955 அக்டோபர் 2இல் நேரு தொடங்கி வைத்த தொழிற்சாலை. பெயரில் இருக்கும் 'இன்டகரல்' என்ற சொல்லை நாம் யோசிப்பதே இல்லை. பழைய பெட்டிகளில் அடிச்சட்டம் தனி, மேலே வைக்கிற கூடு தனி, அதில் பாதி மரம். மோதினால் மேல்கூடு நொறுங்கும். சுவிட்சர்லாந்து நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் இங்கே செய்தது, அடியும் மேலும் ஒன்றாகப் பற்றவைத்த எஃகுக் கூடு. மோதல் நடந்தால் ஒரு பெட்டிக்குள் இன்னொன்று புகாமல் இருக்க அமைத்தது. அந்த வகைப் பெட்டி செய்வதை 2018 ஜனவரியோடு நிறுத்தினார்கள். அதே வருஷம் அதே வளாகத்திலிருந்துதான் முதல் வந்தே பாரத் ரயில் வெளியே வந்தது. நாம் நீல நிறத்தில் பார்த்துப் பழகிய பெட்டியும் இனிமேல் அருங்காட்சியகப் பொருள்தான், கவனித்தீர்களா?

இப்போது உங்கள் செல்போன் விஷயத்துக்கு வருகிறேன். முன்பதிவில்லா டிக்கெட்டை ரயில்ஒன் செயலியில் எடுக்கலாம். ஏறும் முன்பே எடுத்துவிடுங்கள், வண்டியில் உட்கார்ந்துகொண்டு எடுக்க முடியாது. பரிசோதகர் கேட்டால் செயலியைத் திறந்து காட்டணும், ஸ்கிரீன்ஷாட் செல்லாது. மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, அதனால் பெரியவர்களுக்கும் முழுக் கட்டணம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் 139. பேருந்தில் போகிறவர்களுக்கு: திண்டிவனம் வழி வண்டிகள் கிளாம்பாக்கத்தோடு நிற்கும், அங்கிருந்து பெரம்பூர் ரொம்ப தூரம். அருங்காட்சியகத்தின் விடுமுறை நாளையும் நேரத்தையும் கிளம்புகிற வாரத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். நான் இன்றைக்கு இங்கே சொல்லி, அது நாளைக்கு மாறி, நீங்கள் வாசலில் நின்று என்னைத் திட்ட வேண்டாம். வயசானவரோடு போனால் தண்ணீர், தொப்பி, முக்கியமாக அவசரமில்லாத ஒரு முழு நாள்.

சென்னைக்குப் போக முடியாதவர்களுக்குத் திருச்சியில் ரயில்வே பாரம்பரிய மையம் இருக்கிறது. கோவை பக்கம் போனால் ஜி.டி. நாயுடு பெயரில் இருக்கும் காட்சியகம். ஊட்டி மலை ரயில் இன்னும் அதே 1,000 மில்லிமீட்டர் பாதையில், பல் சக்கரம் பிடித்து ஏறுகிறது. 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மீட்டர் கேஜை ஓடும் நிலையில் பார்க்க வேண்டுமென்றால் அங்கேதான் போகணும்.

அப்புறம் அந்த ரெக்கார்டர். எல்லார் போனிலும் குரல் பதிவு இருக்கு, நாம் பயன்படுத்துவது இல்லை. நான் செய்த தப்பைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாதீங்க. போனைச் சட்டைப் பையில் போட்டே பதிவு செய்தேன், முதல் பத்து நிமிஷம் முழுக்கத் துணி உரசும் சத்தம். போனை வெளியே வையுங்கள், காற்றுக்கு முதுகு காட்டி உட்காருங்கள். ஆரம்பத்திலேயே அவர் பெயர், ஊர், வேலை, எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை என்று அவர் குரலிலேயே சொல்லச் சொல்லுங்கள். 'உங்க அனுபவத்தைச் சொல்லுங்க' என்று கேட்டால் ஒன்றும் வராது. 'ராத்திரி டூட்டிக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க, கையில என்ன எடுத்துட்டுப் போவீங்க' என்று கேளுங்கள், கொட்டும். முடிந்ததும் பதிவை இன்னொரு இடத்திலும் நகல் எடுத்து வையுங்கள், போன் மாற்றும்போது முதலில் தொலைவது இதுதான்.

வீட்டில் பொருள் ஏதாவது இருந்தால், பித்தளை என்று நினைத்துப் புளி போட்டுத் தேய்க்காதீங்க. எழுத்து அழிந்துவிடும். பழைய அட்டை டிக்கெட்டை லேமினேட் பண்ணாதீங்க, பிறகு பிரிக்க முடியாது. பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுத்து, யாருடையது, எங்கே கிடைத்தது என்று ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள். கொடுக்க நினைத்தால் வேலூர் கோட்டைக்குள் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே போய் யோசனை கேளுங்கள்.

நாங்கள் சாயங்கால ரயிலில் திரும்பினோம். ஊர் வந்து சேர நள்ளிரவு ஆகிவிட்டது. கண்ணமங்கலம் தாண்டியதும் தாத்தா எழுந்து கதவுப் பக்கம் போய் நின்றார். ஒவ்வொரு நிலையமாக அங்கே வேலை பார்த்தவர்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் செல்போனில் எழுதிக்கொண்டேன். இருபத்தி மூன்று பெயர். அதில் இன்னும் இருப்பவர்கள் ஆறு பேர் இருக்கலாம் என்கிறார். அவர்களில் ஒருவர் இந்தச் செங்கம் சாலைப் பக்கம்தான் குடியிருந்தாராம், வீடு மாறிவிட்டார்கள், அவருக்கு இடம் தெரியவில்லை. உங்கள் தெருவில் மீட்டர் கேஜ் காலத்து ரயில்வேக்காரர் யாராவது இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து சொல்லுங்கள். தாத்தாவும் வந்திருக்கிறார், பின்வரிசையில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருப்பவர்தான்.